டிரைவரைப் புதுப்பித்தேன், கேம் திணறுகிறது: லேப்டாப்காரர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பொறியியல் மாணவன் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவனைப் போல, லேப்டாப்பை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு என் வாசலில் நின்றான்.

"அண்ணா, கேம் இன்னும் வேகமாக ஓடும் என்று கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். முன்பு நொடிக்கு 70 ஃபிரேம் வந்தது. இப்போது 25ஐத் தாண்டவில்லை."

"எத்தனை தடவை போட்டாய்?"

"நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் போட்டேன்."

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் நடுவே பேசும் மென்பொருள்; ஃபிரேம் என்பது நொடிக்கு நொடி திரையில் வரையப்படும் படம். பையன் சொன்ன அந்தச் 'சுத்தமாக'வில்தான் வினை இருந்தது. கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறந்தோம். ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப். 'ஜிபியு 0' மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. 'ஜிபியு 1' திண்ணையில் சாய்ந்த தாத்தாவைப் போலச் சும்மா கிடந்தது. அவன் காசு கொடுத்து வாங்கிய என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3050 சிப் இந்த இரண்டாவது ஆள்தான். கேமை இழுத்துக்கொண்டிருந்தது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ்.

கேமிங் லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் இப்படி இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உண்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சின்னது, கேமுக்குப் பெரியது. என்விடியா 2010இல் 'ஆப்டிமஸ்' என்ற பெயரில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதில் பெரிய சிப் படத்தை வரைந்தாலும், அதைத் திரைக்குக் கொண்டுபோவது சின்ன சிப்தான். அதனால் கேம் சரியாக ஓடும்போதும் டாஸ்க் மேனேஜரில் சின்னதும் கொஞ்சம் வேலை செய்வதாகத் தெரியும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பெரியது சும்மா கிடந்தால்தான் பதற வேண்டும்.

எந்தக் கேமுக்கு எந்தச் சிப் என்று பையன் முன்பு என்விடியா கன்ட்ரோல் பேனலில் குறித்து வைத்திருந்தான். நிறுவும்போது 'கிளீன் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுத்ததால் அந்தக் குறிப்புகள் எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டன. விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'டிஸ்ப்ளே', அதற்குள் 'கிராபிக்ஸ்' என்று போய், அந்தக் கேமைப் பட்டியலில் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றினோம். பழைய 70 திரும்பி வந்தது. நான்கு தடவை டிரைவர் போட்டவனுக்கு நான்கு சொடுக்குகளில் வேலை முடிந்துவிட்டது.

இதிலிருந்து இன்னொரு தவறும் புரியும். லேப்டாப்பில் புதுப்பிக்க வேண்டிய டிரைவர் ஒன்றல்ல, இரண்டு. என்விடியாவை வாரம் தவறாமல் புதுப்பிப்பவர்கள், வாங்கிய நாளிலிருந்து இன்டெல் அல்லது ஏஎம்டி உள் கிராபிக்ஸின் டிரைவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். படம் திரைக்குப் போகும் வழியே அதுதான் என்பது நினைவில் இருக்கட்டும். சில லேப்டாப்புகளில் 'மக்ஸ் சுவிட்ச்' என்ற வசதி உண்டு. அதைப் போட்டால் பெரிய சிப் நேராகத் திரையோடு பேசும். இருந்தால் பயன்படுத்துங்கள், டிரைவர் தருவதைவிட அது அதிகம் தரும்.

எந்தப் பதிப்பு என்று தெரியாமலே மாற்றுவது

இப்போது என்ன பதிப்பு இருக்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்தவர்களுக்கோ 32.0.15.6636 என்று ஏதோ கைப்பேசி எண் போல ஒன்று தெரியும். என்விடியா என்றால் அதன் கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுத்து, மூன்றுக்குப் பின் புள்ளி வையுங்கள்: 566.36. அதுதான் நிறுவனம் சொல்லும் பதிப்பு எண். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கைவையுங்கள். புதியது சொதப்பினால் எதற்குத் திரும்புவது என்று அப்போதுதான் தெரியும்.

அதே டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' என்பதைச் சொடுக்கிவிட்டு, 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது' என்ற பதிலை நம்பி விடுவதும் பரவலான தவறு. அது என்விடியாவின் வாசலுக்கோ ஏஎம்டியின் வாசலுக்கோ போய்ப் பார்ப்பதில்லை. கணினிக்குள் ஏற்கெனவே இருப்பதில் சிறந்தது எது என்று மட்டும் சொல்கிறது.

எங்கிருந்து எடுப்பது

'உங்கள் கணினியில் 17 டிரைவர்கள் பழையவை' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் இலவச மென்பொருள்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். பிரிண்டரிலிருந்து டச்பேட் வரை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு, கடைசியில் சந்தாவும் கேட்கும். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 'டிரைவர் அப்டேட்' என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒருவரின் லேப்டாப்பில் இதே வகை மென்பொருளைத்தான் ஓட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஒலி வரவில்லை.

எடுக்க வேண்டிய இடங்கள் இரண்டே. ஒன்று, லேப்டாப் தயாரிப்பாளரின் தளம். மற்றொன்று, சிப் தயாரிப்பாளரின் தளம். லேப்டாப் நிறுவனம் தரும் டிரைவர் சில மாதங்கள் பழையதாக இருக்கும். ஆனால் அந்த மாடலின் திரைவெளிச்சம், குறுக்கு விசைகள், உறக்கநிலை எல்லாவற்றோடும் சோதித்துப் பார்த்தது. சிப் நிறுவனம் தருவது புதியது. புதுக் கேம்களுக்கான திருத்தங்கள் அதில்தான் முதலில் வரும். இன்டெல் உள் கிராபிக்ஸில் முன்பு, லேப்டாப் நிறுவனம் போட்ட பூட்டினால் பொது டிரைவர் ஏறாமல் அடம்பிடிக்கும். 2020இல் இன்டெல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. என் வழக்கம் இதுதான்: கேம் ஓட்டும் பெரிய சிப்புக்குச் சிப் நிறுவனத்திடம், மற்றவற்றுக்கு லேப்டாப் நிறுவனத்திடம்.

பதிவிறக்கும்போது பட்டியலில் 'நோட்புக்' அல்லது 'லேப்டாப்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள். என்விடியாவில் 'கேம் ரெடி', 'ஸ்டூடியோ' என்று இரண்டு வகை இருக்கும். கேமுக்கு முதலாவது. வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு, கேம் பொழுதுபோக்கு என்றால் இரண்டாவது போதும். அதிலும் கேம் ஓடும்.

முதல் நாள், முதல் காட்சி

புது டிரைவர் வெளிவந்த அன்றே போட்டுவிட வேண்டும் என்ற வேகம் இளைஞர்களிடம் இருக்கிறது. பழைய கதைகள் அவர்களுக்குத் தெரியாது. 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 பதிப்பு விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கெடுத்தது. சிப்கள் சூடேறுவதாகப் புகார் குவிந்ததும் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. 2023 அக்டோபரில் ஏஎம்டியின் டிரைவரில் 'ஆன்டி-லேக் பிளஸ்' என்ற வசதி வந்தது. அது கேமின் உள் நிரலில் கைவைத்ததால், கவுன்டர்-ஸ்டிரைக் 2இல் அதை இயக்கியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று கருதித் தடை விதித்தது அந்தக் கேமின் பாதுகாப்பு மென்பொருள். ஏஎம்டி அந்த டிரைவரை விலக்கிக்கொண்டது. ஒரு தப்பும் செய்யாமல் கணக்கை இழந்தவனின் வயிற்றெரிச்சலை எண்ணிப் பாருங்கள். 2025இன் தொடக்கத்தில் என்விடியாவின் 572 வரிசை டிரைவர்களைப் போட்ட பலருக்குத் திரை கருத்துப்போனது. விவரம் தெரிந்தவர்கள் 566.36க்குத் திரும்பிப் போனார்கள்.

நீங்கள் விளையாடும் கேம் அன்றுதான் வெளியாகிறது, அந்த டிரைவரின் குறிப்பிலேயே அதன் பெயர் இருக்கிறது என்றால் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் பொறுங்கள். பதறாத காரியம் சிதறாது. ஒவ்வொரு பதிப்போடும் ஒரு குறிப்பேடு வரும். அதில் 'திருத்தப்பட்டவை', 'தெரிந்த கோளாறுகள்' என்ற இரண்டு பகுதிகளை மட்டும் படித்தால் போதும். உங்கள் தொல்லை முதலாவதில் இருக்கிறதா, உங்கள் கேம் இரண்டாவதில் இருக்கிறதா? ஐந்து நிமிட வேலை. அதற்காக, வருடக்கணக்கில் தொடாமலும் விட்டுவிடாதீர்கள். டிரைவர்களில் பாதுகாப்பு ஓட்டைகளும் அவ்வப்போது அடைக்கப்படுகின்றன.

நிறுவும் நேரம்

ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். நிறுவும்போது திரை ஓரிரு முறை கருத்துப் போகும், மினுக்கும், எழுத்துகள் பெரிதாகும். அது இயல்பு. அந்த நேரத்தில் பயந்துபோய்ப் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர்கள்தான் பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பத்து நிமிடமாவது பொறுங்கள். அதன் பிறகும் கருப்பாகவே இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு 'பீப்' ஒலியோடு கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். பாதிப் பேருக்குத் தெரியாத வசதி இது.

சார்ஜரைச் செருகியே செய்யுங்கள். பேட்டரி செத்துப்போய் நேரடி மின்சாரத்தில் ஓடும் பழைய லேப்டாப் என்றால், மழை வரும் மாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் நாலு தூறல் விழுந்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்று பார்த்து, அதை முதலில் முடிக்க விடுங்கள். 2023இல் ஏஎம்டி டிரைவரை 'ஃபேக்டரி ரீசெட்' தேர்வோடு நிறுவும்போது விண்டோஸ் அப்டேட்டும் குறுக்கே ஓடியதால், அரிதாகச் சிலருக்கு விண்டோஸே திறக்காமல் போனது. அந்தத் தேர்வைத் தொட வேண்டாம் என்று ஏஎம்டியே அப்போது சொன்னது.

அடுத்து டிடியு (Display Driver Uninstaller). பழைய டிரைவரை வேரோடு பிடுங்கும் இலவசக் கருவி. நல்ல கருவிதான், ஆனால் மருத்துவர் வைத்திருக்கும் கத்தி போன்றது. ஒவ்வொரு மாதமும் அதை ஓட்டுவது வீண் வேலை. வழக்கமான புதுப்பிப்புக்குப் பழையதன் மேலேயே நிறுவினால் போதும். திரை கருத்துப்போகிறது, நிறுவி பாதியில் நிற்கிறது என்ற நிலை வந்தால் மட்டும் டிடியு. அதை, அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். அங்கேதான் வலை விரித்திருக்கிறது. இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குள் நுழையும்போது பிட்லாக்கர் மீட்புச் சாவி என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் பூட்டிக்கொண்ட பிறகு, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? சாவியை முதலிலேயே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சில சமயம் சேஃப் மோடில் நான்கு இலக்க பின் எடுபடாது, முழுக் கடவுச்சொல் வேண்டும். டிடியு ஓடும்போது வைஃபையை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் புதியதைப் போடும் முன்பே விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பழைய டிரைவரை ஓடிவந்து போட்டுவிடும். எனவே புது டிரைவர் கோப்பை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். அரை ஜிபிக்கு மேல் இருக்கும். பிஜி விடுதியின் வைஃபையை நம்பிக் கடைசி நேரத்தில் உட்காராதீர்கள்.

கோளாறு சிறியது என்றால் இத்தனை பாடு வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் சிப்பின் பண்புகளில், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். முந்தைய பதிப்பு அப்படியே திரும்பும்.

போட்ட உடனே தீர்ப்பு எழுதுவது

புதுப்பித்த பிறகு முதல் ஆட்டத்தில் கேம் விக்கி விக்கி ஓடும். 'டிரைவர் மோசம்' என்று உடனே பழையதற்குத் திரும்புகிறார்கள். கேம்கள் ஷேடர் என்னும் சிறு நிரல்களை உங்கள் சிப்புக்கு ஏற்ப ஒருமுறை தயாரித்துச் சேமித்து வைக்கும். டிரைவர் மாறினால் அந்தச் சேமிப்பு செல்லாக்காசு. எல்லாவற்றையும் மறுபடி தயாரிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, அதே இடம், அதே அமைப்பு, அதே சார்ஜர் என்று வைத்து அளந்து பாருங்கள். பேட்டரியில் ஓட்டி அளந்தால் எந்தப் புது டிரைவரும் மோசமாகத்தான் தெரியும்.

டிரைவரால் ஆகாதவையும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில், சிப் எடுக்கும் மின்சாரம் 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை மாறும் லேப்டாப்புகள் விற்கின்றன. மெல்லிய 35 வாட் லேப்டாப்பை எந்த டிரைவரும் 80 வாட் லேப்டாப்பாக மாற்றாது. உள் கிராபிக்ஸ் மட்டுமே உள்ளவர்கள் ஒற்றை ராம் (நினைவக) அட்டையோடு டிரைவரை நொந்துகொள்வதைவிட இன்னொரு அட்டை வாங்கிப் போடுவது மேல். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமின் பாதையை அகலமாக்கினால் வேகம் கண்ணுக்குத் தெரியும். பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற பழைய நினைப்பில் மெத்தையின் மேல் வைத்து விளையாடுபவர்களுக்கு: 2016 ஏப்ரலில் இந்த ஊர் 39.2 டிகிரியைத் தொட்டது. விசிறியில் தூசி அடைத்துச் சிப் சூடேறினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சிப் பழையது என்றால் எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஏராளமாக விற்ற ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ்150 போன்றவை என்விடியாவின் பாஸ்கல் என்ற பழைய தலைமுறை. அவற்றுக்கான கேம் ரெடி டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை, அதனால் தப்பித்தது.

மாடி வீட்டுப் பையன் சென்ற வாரம் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை கையில் லேப்டாப் இல்லை.

"அண்ணா, புதுப் பதிப்பு வந்திருக்கிறது. போட்டுவிடலாமா?"

"குறிப்பேட்டில் உன் கேம் இருக்கிறதா?"

"இல்லை."

"இப்போது எத்தனை ஃபிரேம் வருகிறது?"

"70."

"தேர்வு என்றைக்கு?"

"நாளை மறுநாள்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.