மாசசூசெட்ஸில் 40பி அனுமதி வாங்குவது எப்படி?

ஊரின் ஸோனிங் விதி (எங்கே எதை, எவ்வளவு கட்டலாம் என்ற விதி) அடுக்குமாடிக்கு இடமே தராவிட்டாலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1969-ல் வந்த 40பி சட்டப்படி மலிவு வீடுகள் கட்டலாம். துறை துறையாக அலைய வேண்டாம். ஊர் தர வேண்டிய அனுமதிகளை எல்லாம் ஊரின் ஸோனிங் மேல்முறையீட்டு வாரியமே ஒரே அனுமதியாகத் தரும்.

முதலில், அந்த ஊரின் மொத்த வீடுகளில் மானிய வீடுகள் 10 சதவீதத்தை எட்டிவிட்டனவா என்று மாநிலப் பட்டியலில் பாருங்கள். எட்டியிருந்து வாரியம் மறுத்தால், மேல்முறையீட்டில் ஜெயிப்பது கடினம்.

மனுதாரர் அரசு அமைப்பாகவோ, லாப நோக்கற்ற அமைப்பாகவோ, லாப வரம்புக்கு ஒப்புக்கொண்ட நிறுவனமாகவோ இருக்க வேண்டும். நிலத்துக்குப் பத்திரம் அல்லது கிரய ஒப்பந்தம் கையில் வேண்டும். மாநிலத்தின் வீட்டுவசதி நிதி அமைப்பான மாஸ்ஹவுசிங் போன்ற மானிய அமைப்பின் திட்டத் தகுதிக் கடிதமும் அவசியம். பொதுவாக 25 சதவீத வீடுகள், வருமானம் வட்டார இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாத குடும்பங்களுக்கு. வாடகைத் திட்டமென்றால் எல்லா வீடுகளுமே ஊரின் 10 சதவீதக் கணக்கில் சேரும். விற்பனை வீடுகளில் மலிவு வீடுகள் மட்டும்தான். வாரியத்திடம் பேசும்போது இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அதிகம் கோட்டைவிடுவது, எந்தெந்த ஊர் விதிகளிலிருந்து விலக்கு வேண்டும் என்று மனுவில் தரும் விலக்குப் பட்டியலில்தான். மனை அளவு, உயரம், எல்லை இடைவெளி, கார் நிறுத்தம் என ஒவ்வொன்றுக்கும் விதியின் பிரிவு எண், அது கேட்கும் அளவு, உங்கள் வரைபடத்தில் உள்ள அளவு மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். விடுபட்ட ஒரு விதி, கட்டட அனுமதி கேட்கும்போது வந்து வழிமறிக்கும். மாநிலத்தின் ஈரநிலச் சட்டத்துக்கும் கழிவுநீர்த் தொட்டி விதிகளுக்கும் 40பி விலக்கு தராது.

மனு கிடைத்த 30 நாளுக்குள் வாரியம் விசாரணையைத் தொடங்க வேண்டும். 10 சதவீதத்தைக் காட்டித் தடுக்க நினைத்தால், தொடங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணைக்கு 180 நாள், முடிந்தபின் தீர்ப்புக்கு 40 நாள். நீங்கள் எழுத்தில் சம்மதித்தால்தான் கெடு நீளும். யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுத்தாலோ, கட்டுப்படியாகாத நிபந்தனை போட்டாலோ, 20 நாளுக்குள் மாநில வீட்டுவசதி மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போங்கள். நிபந்தனையை எதிர்த்தால் அங்கே வரவு-செலவுக் கணக்குதான் பேசும். நிபந்தனையால் எவ்வளவு நஷ்டம் என்று எண்ணில் காட்டுங்கள். பக்கத்து மனைக்காரர்கள் எதிர்த்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். அனுமதி இறுதியானபின் மூன்று ஆண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகும். நீட்டிப்பு வேண்டுமென்றால் அதற்கு முன்பே கேளுங்கள்.