ஓட்டுப் போடும் முன் ஒரு சீட்டு தேடிப் பாருங்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் விமான டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். துபாய், தோஹா, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போகிற நம்மூர்க்காரர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. டிக்கெட் கைக்கு வந்ததும் சிலர் போனை நீட்டுவார்கள். "ஏம்மா, ஃப்ரெடி அவார்டாம். எங்களுக்கு ஓட்டுப் போடுங்கன்னு கம்பெனிக்காரன் மெயில் அனுப்பிருக்கான். இதுல என்னத்தப் போட?" கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் இது என்னவென்று பார்த்துவிடுவோம். விமான நிறுவனங்களும் ஹோட்டல்களும் நடத்துகிற மைல், பாயின்ட் திட்டங்களில் எது நல்லது என்று, அவற்றில் சேர்ந்திருக்கும் பயணிகளே மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருது இது. பறக்கப் பறக்க மைல் சேரும், தங்கத் தங்க பாயின்ட் சேரும், சேர்த்ததைக் கொடுத்து டிக்கெட்டோ அறையோ எடுக்கலாம், அதுதான் இந்தத் திட்டம். ராண்டி பீட்டர்சன் என்ற அமெரிக்கர் 1988-இல் தொடங்கினார். ஃப்ரெடி லேக்கரைக் கௌரவித்து வைத்த பெயர். 1977-இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 'ஸ்கைட்ரெயின்' என்று மலிவு விலை விமானம் விட்டு, பெரிய கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த மனிதர் அவர். 1982-இல் அவருடைய நிறுவனம் நொடித்துப் போனது. ஆனாலும் விலையைக் குறைத்துக் காட்டியவர் என்று பயணிகள் அவரை மறக்கவில்லை.

உலகத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும், அப்புறம் மத்தியக் கிழக்கு, ஆசியா, ஓசியானியா எல்லாம் சேர்ந்த மூன்றாவது. நம்மவர்கள் கையில் இருப்பது எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ், கத்தாரின் பிரிவிலேஜ் கிளப், சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையர், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப். எல்லாமே மூன்றாவதில் வருபவை. ஆக, மேலப்பாளையத்து கல்ஃப் அண்ணாச்சிக்கும் சுரண்டை சிங்கப்பூர் அண்ணாச்சிக்கும் நேருக்கு நேர் போட்டி.

சிறந்த எலைட் திட்டம், சிறந்த சலுகை, சிறந்த வாடிக்கையாளர் சேவை, சேர்த்ததைச் செலவழிக்கும் வசதி என்று பல பிரிவுகள் உண்டு. 'ஆண்டின் சிறந்த திட்டம்' என்பதும் ஒன்று. பெரிய தலைப்பாக இருக்கிறதே என்று எல்லோரும் அதற்குத்தான் முதலில் மதிப்பெண் போடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, சேர்த்த மைலைச் செலவழிக்க முடிகிறதா என்பது. ஏலச்சீட்டு பிடிப்பவரை எதை வைத்து எடை போடுகிறோம்? மாதா மாதம் சிரித்த முகமாகப் பணம் வாங்கிக்கொள்வதை வைத்தா? நாம் எடுக்கிற மாதம் கையில் தருகிறாரா என்பதை வைத்துத்தானே.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஓட்டுப் போடும் முன், உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு பயணத்தை மைலில் எடுக்கப் பாருங்கள். கடைசிப் பொத்தானை அமுக்க வேண்டாம், அதற்கு முந்தின பக்கம் வரை போனால் போதும். தேதியை நீங்கள் வையுங்கள், அவர்கள் சொல்கிற தேதிக்குப் போகாதீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைத்த பிறகு, ஏப்ரல் கடைசியில், திருவனந்தபுரத்திலிருந்து நாலு பேர். இதைத் தேடுங்கள். பிப்ரவரி நடுவில் புதன்கிழமை ராத்திரி ஒரே ஒரு சீட்டு காலியாக இருந்தால் அது யாருக்கு உதவும்? வேன் பிடித்து வள்ளியூர், நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று மலையாள நாட்டுக்குள் போய் இறங்குகிற குடும்பத்தில், அப்பா இன்றைக்கு, அம்மாவும் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை என்று பிரித்தா அனுப்ப முடியும்? நாலு சீட்டும் ஒரே விமானத்தில் கிடைத்தால் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடலாம்.

கிரிஸ்ஃப்ளையரில் தேடும்போது சேவர், அட்வான்டேஜ் என்று விலைகள் தெரியும். சேவருக்கு மைல் குறைவு, ஆனால் இடமும் குறைவு. கேட்ட தேதியில் சேவர் கிடைக்கிறதா, இல்லை காத்திருப்போர் பட்டியலில் போடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சீட்டு கிடைத்துவிட்டால் அடுத்தது கணக்கு. ஒரு பேச்சுக்கு, பணம் கொடுத்து எடுத்தால் 28,000 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். மைலில் எடுத்தால் 20,000 மைலும், வரி, கட்டணம் என்று 8,000 ரூபாயும் கேட்கிறது. மிச்சமாகும் 20,000 ரூபாயை 20,000 மைலால் வகுத்தால் ஒரு மைலுக்கு ஒரு ரூபாய். இன்னொரு கம்பெனி அதே பயணத்துக்கு அதே மைலை வாங்கிக்கொண்டு, வரி என்ற பெயரில் 18,000 ரூபாய் கேட்டால், அந்த மைலுக்கு மதிப்பு அரை ரூபாய்தான். கணக்கில் லட்சம் மைல் கிடக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

'வரி' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லி அமுக்குங்கள். ஒய்.க்யூ., ஒய்.ஆர். என்று இரண்டெழுத்தில் ஒரு தொகை நிற்கிறதா பாருங்கள். அது அரசாங்கத்துக்குப் போவதில்லை. எரிபொருள் அது இது என்று சொல்லி விமான நிறுவனமே வைத்துக்கொள்ளும் கட்டணம். மற்ற வரிகளை எந்தக் கம்பெனியும் தவிர்க்க முடியாது, அதற்காக அவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமும் இல்லை. இந்த இரண்டெழுத்துத் தொகை பெரிதாக இருந்தால் தாட்சண்யமில்லாமல் குறையுங்கள்.

கெடு தேதியையும் பாருங்கள். கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதி ஆகும். ஸ்கைவார்ட்ஸிலும் ஏறக்குறைய அந்தக் கெடுதான், ஆனால் உங்கள் பிறந்த மாதக் கடைசியில் முடியும். வருடத்துக்கு நாலு தடவை பறக்கிற அதிகாரிக்கு மூன்று வருடம் தாராளம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருகிற தொழிலாளிக்கு மூன்றாவது பயணம் வருவதற்குள் முதல் பயணத்து மைலுக்குக் கெடு வந்துவிடும். உங்கள் வாழ்க்கைக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள், அந்த அதிகாரிக்காக நீங்கள் போட வேண்டாம்.

அப்புறம் வாடிக்கையாளர் சேவை. இதில் நம்மூர்க்காரர்களைப் போல அனுபவசாலிகள் யாரும் இல்லை, காரணம் நம் பெயர்கள். பாஸ்போர்ட்டில் 'சுடலைமுத்து' என்று மட்டும் இருக்கும், சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும் சிஸ்டமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு நிறுவனத்துக்கு சுடலைமுத்து சுடலைமுத்து என்று இரண்டு தடவை அடிப்போம், இன்னொன்றுக்கு எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முன்னால் சேர்ப்போம். அவரோ மைல் கணக்கு தொடங்கும்போது அப்பா பெயரைப் பின்னால் போட்டிருப்பார். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அமீரகம் சொன்ன பிறகு பலர் பாஸ்போர்ட்டையே மாற்றினார்கள். மைல் கணக்கில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. டிக்கெட்டில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்றால் மைல் ஏறாது.

ஏறாத மைலைக் கேட்டு எழுதும்போதுதான் கம்பெனியின் குணம் தெரியும். காயல்பட்டினத்துக் காக்கா (அண்ணன்) ஒருவர் போர்டிங் பாஸைப் பர்சில் மடித்து வைத்திருந்தார். அந்தச் சூட்டுத்தாள் நம்மூர் வெயிலில் வெளுத்து, சீட் நம்பர் மட்டும் லேசாகத் தெரிந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினால், தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்று பதில். மறுபடி அனுப்பினால், அதே வரி, அதே கமா. டிக்கெட் எண் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. அதே பெயர்க் கோளாறை இன்னொரு நிறுவனத்தில் பாஸ்போர்ட் நகலை வாங்கிக்கொண்டு ஒரே அழைப்பில் சரி செய்தார்கள். சேவைக்கான மதிப்பெண்ணை இந்த மாதிரி நடந்ததை வைத்துத்தான் போட வேண்டும். விமானத்தில் பணிப்பெண் இன்னொரு ஜூஸ் கொடுத்தார் என்பது இந்தக் கணக்கில் வராது. இங்கே கேட்பது மைல் திட்டத்தைப் பற்றி. போர்டிங் பாஸைக் கையில் வாங்கியதுமே போனில் படம் எடுத்து வையுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குள் கேட்டால்தான் தரும்.

எலைட் பிரிவு, அதாவது சில்வர், கோல்டு அந்தஸ்து உள்ளவர்களுக்கானது. உங்களிடம் அது இல்லையென்றால் காலியாக விட்டுவிடுங்கள், கேள்விப்பட்டதை வைத்துப் போடாதீர்கள். இருந்தால், லவுஞ்சில் என்ன சாப்பாடு என்பதை விட எடை எவ்வளவு கூடுதல் என்பதைப் பாருங்கள் என்பேன். ஸ்டார் அலையன்ஸ் என்பது பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி. அதன் கோல்டு அந்தஸ்து இருந்தால், எடை கணக்கில் பெட்டி ஏற்றும் வழித்தடங்களில் 20 கிலோ கூடுதலாகக் கொண்டுபோகலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்தக் கூட்டணியில் உண்டு, ஏர் இந்தியாவும் 2014-இல் சேர்ந்துவிட்டது. 20 கிலோ என்றால் உடன்குடிக் கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், அல்வா, பொடி வகை எல்லாம் போட்டும் இடம் மிஞ்சும். திருவனந்தபுரம் கவுன்ட்டரில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து கருப்பட்டியை எடுத்து மாமனார் கையில் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கார்டைக் காட்டியதும் எடையை ஒத்துக்கொண்டார்களா, வாக்குவாதம் செய்ய வேண்டி வந்ததா? மதிப்பெண் அதில்தான்.

சலுகை பிரிவுக்கு ஒரே கேள்வி போதும்: 'இரட்டை மைல்' என்றார்களே, உங்கள் கணக்கில் ஏறியதா? முன்கூட்டியே பதிவு செய்யவில்லை என்று கையை விரித்திருந்தால் மதிப்பெண்ணும் அப்படியே. கிரெடிட் கார்டு பிரிவில் வருடக் கட்டணத்தைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

ஹோட்டல் பக்கம் நம்மூரில் ஓட்டு குறைவு. கம்பெனிச் செலவில் தங்குகிற இன்ஜினியர்கள், கப்பல் ஏறப் போகிற தூத்துக்குடிப் பையன்கள், இவர்களிடம்தான் பாயின்ட் இருக்கிறது. அதிலும் பாதிப் பேர், இத்தனை நாள் தங்கியும் ஒன்றும் ஏறவில்லை என்று திட்டத்தின் மேல் கோபமாக இருப்பார்கள். விசாரித்தால், அறையை வேறு புக்கிங் தளத்தில் எடுத்திருப்பார்கள். மேரியட், ஹில்டன் மாதிரிப் பெரிய சங்கிலிகளில், அவர்களுடைய சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ எடுக்காமல் அப்படிப்பட்ட தளங்களில் எடுத்த அறைக்குப் பொதுவாகப் பாயின்ட் வராது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது சரியில்லை.

குறைக்க வேண்டிய இடம் வேறு. மேரியட் 2022-இல் இத்தனை பாயின்டுக்கு இந்த ஹோட்டல் என்ற நிலையான பட்டியலை எடுத்துவிட்டது, இப்போது நாளுக்கு நாள் விலை மாறும். ஹில்டனில் அப்படிப் பட்டியல் முன்பே போய்விட்டது. ஆகவே இங்கேயும் அதே சோதனைதான்: சித்திரைத் திருவிழா வாரத்தில் மேரியட்டின் மதுரை கோர்ட்யார்ட் ஹோட்டலில் ஓர் இரவு பாயின்டில் தேடுங்கள், அப்புறம் சாதாரண ஆடி மாதத்து ஓர் இரவைத் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் பாயின்ட் திருவிழாவுக்கு உதவுமா, ஆடிக்கு மட்டும்தானா என்று தெரிந்துவிடும். மேரியட்டில் பாயின்ட் கொடுத்துத் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் நாலு இரவுக்குத்தான் கழிப்பார்கள், இது அவர்களுக்குச் சாதகமாகப் போடலாம். 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் பாயின்ட் போய்விடும், அது பாதகம்.

மதிப்பெண் போடும்போது பிடித்த கம்பெனிக்குப் பத்து, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று என்று கட்சிக்காரர் மாதிரி போடாதீர்கள். யாருக்கு அதிக ஓட்டு என்று எண்ணுவதோடு இங்கே வேலை முடிவதில்லை. உறுப்பினர்கள் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. போன வருடம் ஏறாத விமானத்தின் திட்டத்தைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், எங்களுக்கே போடுங்கள் என்று மெயில் வரும். அதில் தப்பில்லை, தேர்தல் என்றால் வாசலுக்கு வரத்தான் செய்வார்கள். ஓட்டுக்கு இத்தனை மைல் தருகிறோம், கடவுச்சொல்லை அடியுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் அதை உடனே அழித்துவிடுங்கள். மதிப்பெண் போட உங்கள் மைல் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் தேவையில்லை.

இன்னொன்று. வீட்டில் ஐந்து பேருக்கும் கணக்கு இருக்கிறது என்று அண்ணாச்சி ஒருவரே உட்கார்ந்து ஐந்து ஓட்டையும் போடுவதைப் பார்க்கிறேன். உங்கள் ஓட்டை நீங்கள் போடுங்கள், மைனியின் போனை மைனியிடம் கொடுங்கள். மூன்று பிள்ளைகளோடு தோஹாவில் மாறி ஏறியவர் அவர்தான், பிள்ளைகளின் மைல் ஏறவில்லை என்று போன் போட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். எத்தனை மதிப்பெண் போட்டார் என்று எட்டிப் பார்க்காதீர்கள்.