சுவர் எழும்பிய பிறகு கேட்காதீர்கள்

சென்ற மாதம், எங்களோடு புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் பாலக்கோட்டுப் பக்கம் பெரியவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றுக்குத் திட்டம் எழுதிக்கொண்டு வந்தார்கள். இடம், நேரம், வண்டி, சாப்பாடு எல்லாம் முடிவாகி அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "பயனாளிகளிடம் கருத்துக் கேட்டல்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதே வரியை இதே இடத்தில்தான் எழுதினேன்.

சாய்தளம் வையுங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திட்டம் போடும்போது, அவர்களிடம் கேட்பதில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முடிவெடுத்த பிறகு கேட்பது

தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதிகமாக உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படியும், சிலருக்கு எலும்பே இறுகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. அதற்கு முன்பே இறுகிப்போன கழுத்தையும் முதுகையும் எந்தத் தண்ணீரும் இளக்கித் தராது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நாங்கள் அந்த மையத்தைக் கட்டினோம்.

கழிப்பறைக்கு மட்டும் தனி நன்கொடை வாங்கினேன். வெஸ்டர்ன் டாய்லெட், வலது சுவரில் எஃகுக் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ். திறப்பு நாளன்று ஒரு வயதான ஆயா உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். கழுத்தும் திரும்பாது, இடுப்பும் திரும்பாது. தடியை ஊன்றி, உடம்பை மொத்தமாக, அடி அடியாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அதற்கு அந்த அறையில் இடமில்லை. தடியின் நுனி இடித்து இடித்துப் புதுப் பெயிண்டில் கோடு விழுந்தது. கைப்பிடி இருந்த பக்கத்தில்தான் தடி பிடித்த கை. கடைசியில் பின்னாலேயே நடந்து வெளியே வந்தார்.

"நடக்க வருது கண்ணு, திரும்பத்தான் வரல. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

அவர் வீடு மையத்துக்கு நாலு வீடு தள்ளி. கட்டட வேலை நடந்த ஐந்து மாதமும் அவர் திண்ணையைத் தாண்டித்தான் போய் வந்தேன். சுவரை இடித்துக் கட்டிய செலவுகூடப் பெரிதில்லை. இடிக்கும் வரை மையத்துக்கு வந்த மற்றவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

இதில் இன்றுவரை என்னை உறுத்துவது வேறு. எங்கள் பதிவேட்டில் "கருத்துக் கேட்கப்பட்டது" என்று இருந்தது. பொய் இல்லை, கேட்டோம்: "மையம் வேண்டுமா?" எல்லோரும் வேண்டும் என்றார்கள். அது ஒரு கேள்வியா? "விடிந்ததிலிருந்து உங்கள் நாள் எப்படிப் போகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும், அதுவும் தாள் வெறுமையாக இருக்கும்போது. இப்போது கடக்கால் தோண்டும் முன்பே, தரையில் கோலமாவால் அறையின் அளவைப் போட்டு, வரப்போகிறவர்களையே உள்ளே நடந்து பார்க்கச் சொல்கிறோம். கோடு அழிந்தால் அறை போதவில்லை என்று அர்த்தம்.

இது நாம் காட்டும் பெருந்தன்மை இல்லை. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளை அவர்களோடு கலந்து பேசித்தான் எடுக்க வேண்டும் என்று அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றுக்கொண்டது.

துணைக்கு வந்தவரிடம் கேட்பது

மகனிடம் கேட்டால் மகனுக்கு எது வசதியோ அதுதான் பதிலாக வரும். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு அப்பாவையும் பார்ப்பவருக்குக் கஷ்டம் இருக்கிறது, அதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில், "அப்பாவுக்கு டிவி போதும்" என்றார் மகன். அவர் எழுந்து போனதும் நான் காத்திருந்தேன். பக்கவாதத்தில் நாக்கு குழறும் அந்தப் பெரியவருக்கு ஒரு சொல் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது. "சந்தை" என்றார்.

மேடையில் அழ வைப்பது

வேண்டாம்.

கூலியை மறப்பது

கருத்துச் சொல்லக் கூட்டத்துக்கு வந்தால் அவருக்கும் அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவருக்கும் போகும். ஆட்டோ காசும் கூலியும் அன்றே கையில் கொடுங்கள். சால்வை போர்த்தி அனுப்பாதீர்கள்.

எப்போதும் ஒரே ஆளைக் கூப்பிடுவது

நன்றாகப் பேசுகிறார் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறோம். மற்றவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். தளி, வேப்பனப்பள்ளி பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. அவர்களையும் அவர்கள் மொழியிலேயே கேளுங்கள்.

நாற்காலி மட்டும் கொடுப்பது

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த 2025இல் தமிழ்நாடு சட்டப்பேரவை சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அப்படி வருகிறவரிடம் கூட்டப் பொருளை அன்று காலையில் நீட்டினால் அவர் என்ன பேசுவார்? மூன்று நாள் முன்பே வீட்டில் போய்ப் படித்துக் காட்டுங்கள்.

திரும்பிப் போய்ச் சொல்லாமல் விடுவது

அவர் சொன்னது நடந்ததா, நடக்கவில்லையென்றால் ஏன் என்று அவர் திண்ணைக்கே போய்ச் சொல்லுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது அவர் வாய் திறப்பது இதைப் பொறுத்துத்தான்.

சரி, அந்த நான்கு பேரும் அச்சடித்த தாளை என்னிடமே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஆயாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு, கோலமாவோடு அந்த இடத்துக்குப் போகிறோம். அன்றைய கூலியை எடுத்து வைத்துவிட்டேன்.