மேக்கில் இன்சர்ட் கீ இல்லையா? வலது ஆப்ஷனிடம் வேலையைக் கொடுங்கள்

மேக் மடிக்கணினியில் விஎம்வேர் ஃபியூஷன் (மேக்குக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் நிரல்), அதற்குள் விண்டோஸ், அதற்குள் என்விடிஏ (பார்வையற்றோருக்காகத் திரையைக் குரலில் வாசிக்கும் நிரல்). இதுவரை போட்டு முடித்துவிட்டீர்கள், குரலும் வருகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். சிக்கல் அடுத்த நிமிடமே தொடங்கும். என்விடிஏ கட்டளைகளுக்கு இன்சர்ட் கீ வேண்டும். மேக் மடிக்கணினியிலோ அந்தக் கீயே கிடையாது.

கேப்ஸ் லாக்கை வைத்துச் சமாளிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. என்விடிஏவில் அதற்கு வசதி உண்டு. ஆனால் மேக் அதை அழுத்திப் பிடிக்கும் கீயாகப் பார்ப்பதில்லை, விளக்கு சுவிட்ச் மாதிரி நடத்துகிறது. விரலை எடுத்த சேதி உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஒரு கடிதத்தில் 'டி' அடிக்கிறேன், எழுத்து விழவில்லை. சாளரத்தின் தலைப்பை வாசிக்கிறது. மறுபடி அடித்தேன், மறுபடியும் தலைப்பு. அன்றோடு கேப்ஸ் லாக்குக்கு ஒரு கும்பிடு.

முதலில் மேக்கின் சொந்தத் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரை அணையுங்கள்: கமாண்ட், எஃப்5. செயல்படவில்லையென்றால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டு குரல்களும் சண்டை போடும். அதோடு என்விடிஏவைத் தொடங்கும் கண்ட்ரோல், ஆல்ட், என் என்பது மேக்கில் கண்ட்ரோல், ஆப்ஷன், என்; கண்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்ந்தால் வாய்ஸ்ஓவரின் சொத்து.

அடுத்து, விண்டோஸுக்குள் ஷார்ப்கீஸ் என்ற இலவச நிரலை இறக்குங்கள். ஒரு கீயை இன்னொரு கீயாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் கையால் எண்களை எழுதியும் இதைச் செய்யலாம். ஒரு எண் பிசகினால் தேடித் திருத்துவது யார்? எனக்கு ஷார்ப்கீஸ் போதும். 'ஆட்' பொத்தானை அழுத்தினால் இரண்டு பட்டியல்கள் வரும். முதலாவதில் 'ஸ்பெஷல்: ரைட் ஆல்ட்', இரண்டாவதில் 'ஸ்பெஷல்: இன்சர்ட்'. ஓகே கொடுத்து, 'ரைட் டு ரெஜிஸ்ட்ரி'யை அழுத்துங்கள்.

நிர்வாகி அனுமதி கேட்கும் திரையில் என்விடிஏ மௌனமாகிவிட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது நிறுவாமலே ஓட்டும் போர்ட்டபிள் பிரதி. அந்தத் திரையை வாசிக்க முழுதாக நிறுவிய பிரதி வேண்டும். ஆங்கில விண்டோஸில் ஆல்ட், ஒய் அழுத்தித் தாண்டிவிடலாம்.

ஏன் வலது ஆப்ஷன்? நான் முதலில் வலது கமாண்டைத்தான் மாற்றினேன். என்விடிஏ கட்டளைக்காக அதோடு டேப் அழுத்திய நொடியில் மேக் அதை கமாண்ட், டேப் என்று எடுத்துக்கொண்டு என்னை வேறு நிரலுக்குத் தூக்கிப்போட்டது. ஃபியூஷன் அமைப்பில் மேக் குறுக்குவிசைகளை அணைக்கலாம்தான். ஆனால் ஆப்ஷனில் அந்த வம்பே இல்லை. வலது ஆல்ட்டால் சிறப்பு எழுத்துகள் அடிப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

இனி வருவதுதான் என் ஒரு நாளைத் தின்றது. மாற்றம் நடப்புக்கு வர விண்டோஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். நானும் செய்தேன், செய்ததாக நினைத்தேன். உண்மையில் ஃபியூஷன் சாளரத்தை மூடித் திறந்துகொண்டிருந்தேன். மூடினால் விர்ச்சுவல் மெஷின், அதாவது ஃபியூஷனுக்குள் ஓடும் அந்தக் கணினி, தூங்கப் போகிறது. திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழுகிறது. உள்ளே விண்டோஸுக்குத் தான் மூடப்பட்டதே தெரியாது. ஷார்ப்கீஸை மூன்று முறை அழித்து நிறுவினேன், பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது! ஆகவே விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவுக்குப் போய், 'ரீஸ்டார்ட்' என்று காதால் கேட்டு, எண்டர் அழுத்துங்கள்.

விண்டோஸ் மறுபடி எழுந்ததும் வலது ஆப்ஷனைப் பிடித்துக்கொண்டு 'டி' அடியுங்கள். சாளரத் தலைப்பை வாசித்தால் வென்றுவிட்டீர்கள். அப்படியே கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்து 'கே' அடித்து, விசைப்பலகை அமைப்பை 'லேப்டாப்' என்று மாற்றிவிடுங்கள்; எண் கட்டம் இல்லாத மடிக்கணினிக்கு அதுதான் தோது. ஜாஸ், நேரேட்டர் என்ற மற்றத் திரைவாசிப்பான்களும் இன்சர்ட்டை ஏற்பதால் இதே மாற்றம் அவற்றுக்கும் செல்லும்.

பின்சேர்க்கை: "கேப்ஸ் லாக்தான் விரலுக்குப் பழகிவிட்டது" என்றார் ஒரு நண்பர். அப்படியானால் மேக் பக்கத்தில் கீகளை மாற்றும் காரபைனர் எலிமென்ட்ஸ் நிரலை நிறுவி, கேப்ஸ் லாக்கை வலது ஆப்ஷனாக மாற்றுங்கள். மற்றதை ஷார்ப்கீஸ் பார்த்துக்கொள்ளும். மேக்கின் சொந்த அமைப்பிலும் கேப்ஸ் லாக்கை ஆப்ஷனாக்கலாம், ஆனால் அங்கே இடதா வலதா என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. காரபைனர் செய்யும் மாற்றம் மேக் முழுவதற்கும் பொருந்தும். வாய்ஸ்ஓவருக்கும் கேப்ஸ் லாக்கையே பயன்படுத்துபவர் என்றால் பழையபடி வலது ஆப்ஷனுக்கே திரும்பிவிடுங்கள்.