கார் டிராக்கர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சஸரீஸ் கடையில் டிராக்கரைக் காட்டும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடைக்காரர் தன் போனில் ஆப்பைத் திறப்பார். மேப்பில் ஒரு குட்டி கார் ஓடிக்கொண்டிருக்கும். "பாருங்க சார், லைவாவே தெரியுது" என்பார். டிரைவர் வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறார், பையன் எந்த ரோட்டில் போகிறான் என்று பார்க்க அது போதும். திருடு போன காரை மீட்க அது போதாது. டிராக்கர் என்று ஒன்று இருப்பது திருடுபவனுக்கும் தெரியும். வண்டியைக் கிளப்பியதும் அவன் தேடுவதே அதைத்தான். ஆகவே எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் என் காரை எடுத்துக்கொண்டு போனால், முதல் அரை மணி நேரத்தில் இது என்ன செய்யும்?

அப்படிக் கேட்டதும் முதலில் அடிபடுவது ஓ.பி.டி. போர்ட்டில் (மெக்கானிக் காரின் கோளாறுகளைப் படிக்கக் கருவி செருகும் சாக்கெட்) செருகும் டிராக்கர். வயரை வெட்ட வேண்டாம், வாரன்டிக்குப் பிரச்சினை இல்லை, மெக்கானிக் இல்லாமல் நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த போர்ட் இருப்பது ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில். புது மாடல் கார்களைத் திருடுகிறவர்கள் இன்னொரு சாவியை புரோகிராம் செய்யத் தங்கள் கருவியைச் செருகுவதும் அதே போர்ட்டில்தான். வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே நம் டிராக்கர் அவன் கையில் தட்டுப்பட்டுவிடும். பிடுங்கித் தெருவில் போட ஒரு நொடி ஆகாது.

சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் போன்ற புளூடூத் டேக்கை சீட்டுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. அதில் ஜி.பி.எஸ்.ஸும் இல்லை, சிம்மும் இல்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் போன்தான் அதன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். ஆளில்லாத குடோனில் வண்டி நின்றால் தகவல் வராது. தவிரவும், தெரியாத டேக் ஒன்று கூடவே பயணம் செய்கிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். ஒருவரை அவருக்குத் தெரியாமல் பின்தொடரக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. 2024 மே மாதத்திலிருந்து ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இருக்கிறது. இரண்டாவது துணையாக ஒரு டேக் கிடக்கட்டும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

வயரிங்கோடு சேர்த்துப் பொருத்தும் கருவிதான் சரி என்று முடிவெடுத்தவர்கள் கோட்டை விடுவது பொருத்தும் இடத்தில். கடைப் பையன் பத்து நிமிடத்தில் டேஷ்போர்டுக்குக் கீழே இரட்டை டேப் ஒட்டி, சிவப்பு, கறுப்பு வயரை ஃபியூஸ் பாக்ஸில் செருகிவிட்டுப் போய்விடுவார். குனிந்து டார்ச் அடித்தால் கருவி அப்படியே தெரியும். நல்ல எலக்ட்ரீஷியன் ஒரு பேனலையாவது கழற்றாமல் வேலையை முடிக்க மாட்டார். கருவிக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கலாம், இரும்புத் தகடு இருக்கக் கூடாது. ஆன்டெனா வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வயருக்குக் கறுப்பு டேப் சுற்றி, கம்பெனி வயரிங்கோடு சேர்த்துக் கட்டிவிட்டால் எது எது என்று தேடவே நேரமாகும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கே வைத்தார் என்பது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து கார் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். திருடன் செய்வதும் இதுதான். கருவிக்குள் சொந்தமாக பேட்டரி இருந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று சில விநாடிகளில் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வரும். மேப்பிலும் வண்டி தொடர்ந்து தெரியும். எதுவும் வராவிட்டால் அந்தக் கருவி வேண்டாம். உள் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் கேளுங்கள். டாக்சி, பஸ் போன்றவற்றுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 140 தரம் 4 மணி நேரம் கேட்கிறது. சொந்தக் காருக்கு அந்தத் தரம் கட்டாயம் இல்லை என்றாலும், அதற்குக் குறைவானதை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

எச்சரிக்கை வந்தும் தூங்கிவிட்டால்? பல ஆப்களில் வெறும் நோட்டிஃபிகேஷன்தான் வரும். சைலன்ட்டில் போட்ட போனில் அது காலையில்தான் கண்ணில் படும். போன் கால் வருகிறதா, வீட்டில் இரண்டு மூன்று எண்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். இக்னிஷன் போடாமலே வண்டியைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. நிறுத்திய வண்டி அசைந்தாலே எழுந்துகொள்ளும் கருவியா, இக்னிஷன் போட்டால்தான் விழிக்கும் கருவியா என்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள். இருப்பிடத்தை எத்தனை விநாடிக்கு ஒரு முறை அனுப்புகிறது என்பதும் முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி இரண்டு நிமிடத்தில் 2 கிலோமீட்டர் தாண்டிவிடும்.

சிம் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். மலிவான டிராக்கர்களில் பல 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. உங்கள் ஊரில் எந்த நெட்வொர்க் நன்றாக எடுக்கிறதோ அதைப் பார்த்து 4ஜி கருவியாக வாங்குங்கள். கம்பெனியே சிம் போட்டுத் தந்தால், ஒரு வருடம் கழித்து ரீசார்ஜ் யார் செய்வது, எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சந்தா முடிந்தது தெரியாமல், உயிரில்லாத டிராக்கரோடு ஓடும் கார்கள் ஏராளம். கம்பெனியிலிருந்தே கனெக்டட் வசதியோடு, அதாவது போன் ஆப்போடு இணையும் வசதியோடு, வந்த கார்களிலும் இதே கதைதான். இலவசக் காலம் முடிந்ததும் புதுப்பிக்க மறந்துவிடுகிறோம். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் பழைய ஓனரின் கணக்கிலேயே அது தொடர்வதும் உண்டு. அதை முதல் நாளே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஆப்பிலிருந்தே இன்ஜினை ஆஃப் பண்ணலாம்" என்ற வசதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகும். பிரேக்கையும் ரொம்ப அழுத்தி மிதிக்க வேண்டி வரும். பைபாஸில் வேகமாகப் போகும் கார் அப்படி ஆனால் அடிபடுவது சம்பந்தமே இல்லாத யாராவது. வேகம் குறைந்த பிறகோ, நிறுத்தி அணைத்த பிறகோதான் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கருவியாகப் பாருங்கள். இதற்கான ரிலேயை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்த ஃபியூவல் பம்ப் வயரை வெட்டினால் வாரன்டி என்னவாகும் என்று சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த வசதி வேறொருவர் கைக்குப் போனால் இன்னும் ஆபத்து. மைகோடஸ் எம்.வி.720 என்ற டிராக்கரில் இருந்த ஓட்டைகளைப் பற்றி 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் வண்டியின் இருப்பிடத்தைப் பார்க்கவும், எரிபொருளைத் துண்டிக்கவும் அந்த ஓட்டைகள் இடம் கொடுத்தன. அதன் ஆரம்ப பாஸ்வேர்டு 123456. பெயரே தெரியாத சர்வரில் ஓடும் மலிவுக் கருவியை வாங்கும்போது, நீங்கள் எப்போது வீட்டில் இல்லை என்ற தகவலையும் சேர்த்தே யாரிடமோ கொடுக்கிறீர்கள். பொருத்திய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

டிராக்கர் இருந்தால் இன்சூரன்ஸில் பெரிய தள்ளுபடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாகன இன்சூரன்ஸுக்கான மோட்டார் டாரிஃப் விதிகளின்படி, வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் இழப்புக்கான) பிரீமியத்தில் 2.5 சதவீதம்; அதுவும் 500 ரூபாய்க்கு மேல் போகாது.

மேப்பில் கார் தெரிகிறது என்று தம்பியையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு நீங்களே துரத்திப் போகாதீர்கள். 100 அல்லது 112-க்குக் கூப்பிட்டு, லைவ் லொகேஷன் லிங்க்கை போலீஸாரிடம் கொடுங்கள். லிங்க்கை ஷேர் செய்ய முடியாத ஆப்பாக இருந்தால் அந்த நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும், கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட கையோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள். கார் கிடைக்காமல் போனால் கிளெய்முக்கு இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஆர்.சி. நகல், கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண் (அதன் தனி அடையாள எண்), ஆப்பின் லாகின் மூன்றும் உங்கள் போனில் மட்டும் இல்லாமல் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும். போனை காரிலேயே வைத்துவிட்டு இறங்கிய நேரத்திலும் கார் போகலாம்.