பிஸ்கட் உருண்டையில் பலரும் சறுக்கும் இடங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் மேரி பிஸ்கட் பொடியாகிக்கொண்டே இருக்கும். அடுப்பும் வேண்டாம், ஓவனும் வேண்டாம். பொடித்து, கோகோ சேர்த்துப் பிசைந்து உருட்டினால் ஆயிற்று என்று பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். கோகோவைச் சலிக்காமல் கொட்டுவது, உருட்டும் முன் கையில் நெய் தடவ மறப்பது எல்லாம் ஒரு முறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பாலை ஒரே மூச்சில் ஊற்றுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். தம்பியின் பிறந்தநாளுக்கு உருண்டை செய்ய உட்கார்ந்தாள். பொடியில் அரை டம்ளர் பால் விட்டுக் கிளறியிருக்கிறாள். உதிரி உதிரியாக நின்றது. மீதி அரை டம்ளரையும் விட்டாள். சற்று நேரத்தில் "அக்கா, கையெல்லாம் ஒட்டுது, உருட்டவே வரலை" என்று வந்து நின்றாள். நான் போய்ப் பார்ப்பதற்குள் இன்னொரு பாக்கெட் பிஸ்கட் உள்ளே போயிருந்தது. இனிப்பு குறைந்துவிட்டதே என்று பொடித்த சர்க்கரையும் போட்டிருந்தாள். சர்க்கரை அங்கே இருந்த ஈரத்தில் கரைந்து கலவையை மேலும் இளக்கியது. நிறம் வெளுத்ததால் கோகோ, கோகோ கசந்ததால் மறுபடி சர்க்கரை. கடைசியில் பெரிய பேசின் நிறைய ஏதோ ஒன்று இருந்தது. பிஸ்கட், கோகோ, வெண்ணெய் எல்லாம் இரண்டு மடங்கு செலவு. அதை உருண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிஸ்கட் என்பது ஈரத்தைப் பெரும்பாலும் விரட்டிச் சுட்ட மாவு. பால் பட்டதும் ஒவ்வொரு துகளின் வெளிப்பக்கம்தான் நனையும். உள்ளே இறங்க எட்டு, பத்து நிமிடம் பிடிக்கும். கோகோவில் கொழுப்பு இருப்பதால் அதுவும் சட்டென்று நனையாது. அந்தப் பத்து நிமிடத்தில் காய்ந்த மாதிரி தெரிவதை நம்பி இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கதை முடிந்தது. வீடியோக்களில் "தேவையான அளவு பால்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெட்டிலேயே பளபளவென்று உருண்டையைக் காட்டிவிடுகிறார்கள். நடுவில் காத்திருந்த நேரம் வீடியோவில் இல்லை. புதிதாகச் செய்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

200 கிராம் மேரிக்கு 2 மேசைக்கரண்டி கோகோ, 2 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் என்றால், காய்ச்சி ஆறிய பால் ஆறு மேசைக்கரண்டிக்குக் கிட்டத்தட்ட வரும். அதையும் இரண்டிரண்டு கரண்டியாகத்தான் விட வேண்டும். புட்டு மாவு பக்குவம் வந்ததும், அதாவது பிடித்தால் பிடிபட்டு, தொட்டால் உதிரும்போது, பாலைத் தள்ளி வைத்துவிடுங்கள். தட்டுப் போட்டு மூடி, பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். அப்புறம் பிசைந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படாது. கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பதானால் தனியாகப் பாலோ சர்க்கரையோ வேண்டாம். ஆனால் அது கெட்டியாக இருப்பதால் இன்னும் மெதுவாக இறங்கும். அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே இளகிவிட்டதா? பிஸ்கட் பாக்கெட்டைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதன் பிறகும் ஒட்டினால் பால் பவுடர் ஒரு கரண்டி போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் உருண்டை ஆசையை விட்டுவிட்டு, நெய் தடவிய தட்டில் பரப்பிக் குளிரவைத்து வில்லை போடுங்கள். இலங்கையில் மேரி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து, சாக்லேட் கிரீமோடு அடுக்கிப் புட்டிங்காகவே செய்கிறார்கள். ஈரமான பிஸ்கட் ஒன்றும் பாவமில்லை. உருண்டைக்குத்தான் ஆகாது.

மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டுவது

மைதா மாதிரி அரைத்துவிட்டால் சாப்பிடும்போது வாயில் அப்பிக்கொள்ளும். விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு கைப்பிடி பிஸ்கட்டைக் கையால் நொறுக்கித் தனியாகச் சேருங்கள். கடிக்க ஏதாவது இருக்க வேண்டாமா?

நமத்த பிஸ்கட்

வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, ஆறிய பிறகு பொடியுங்கள்.

சாக்லேட்டில் தண்ணீர் படுவது

உருண்டையை முக்கி எடுக்க, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட் உருக்குகிறீர்கள். இந்தப் பண்டத்திலேயே விலை கூடிய பொருள் அதுதான். கழுவித் துடைக்காத கரண்டி, கொதிக்கும் தண்ணீரிலிருந்து எழும் ஆவி, மூடியிலிருந்து சொட்டும் ஒரு துளி, இதில் எது பட்டாலும் போதும்: சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியாகத் திரண்டுவிடும். அடுப்பைக் கூட்டினால் கருகும். வேடிக்கை என்னவென்றால், துளித் தண்ணீர் கெடுத்ததைக் கூடுதல் பால் சரிசெய்யும். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால் சாஸ் மாதிரி இளகி வரும். முக்கி எடுக்க உதவாது. அடுத்த முறை பிசையும்போது பாலுக்குப் பதிலாக ஊற்றிக்கொள்ளலாம். அடியில் உள்ள தண்ணீர் கிண்ணத்தைத் தொடாமல், தளதளவென்று கொதிக்காமல் இருந்தால் இந்த வம்பே இல்லை.

டிரிங்கிங் சாக்லேட் பொடி

இது கோகோவுக்கு மாற்று ஆகாது. பெரும்பகுதி சர்க்கரை.

வெண்ணெயை மட்டும் நம்புவது

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். மே மாதத்து மதுரையில் கூடத்துச் சூடே அதைத் தாண்டும். பள்ளிக்கு, பயணத்துக்கு என்று டப்பாவில் எடுத்துப் போவதாக இருந்தால் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, கண்டென்ஸ்டு மில்க்கில் பிசையுங்கள். வீட்டில் வைத்துச் சாப்பிடுவதானால் எப்படியும் மூடி போட்ட டப்பாவில், ஃபிரிட்ஜில். திறந்து வைத்தால் கொழுப்பு பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காயம் மணக்கும் சாக்லேட் உருண்டையை நான் ஒரு வீட்டில் மரியாதைக்காகத் தின்றிருக்கிறேன்.

மேலே புரட்டப் பச்சைத் தேங்காய்த் துருவல்

வேண்டாம். சீக்கிரம் ஊசிவிடும். உலர்ந்த துருவல் கடையில் கிடைக்கிறது.