பழைய ஸ்க்ரூ ஸ்பேனரில் இருப்பது யார் பெயர்?

வியாசர்பாடியில் ஒரு காயலான் கடை. சைக்கிள் செயின்களுக்கும் உடைந்த பம்ப் மூடிகளுக்கும் அடியில் கிடந்த எட்டு அங்குல ஸ்க்ரூ ஸ்பேனரை எடை போட்டு வாங்கினேன். கைப்பிடியில் எழுத்துகள் இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. பொறுமையில்லாமல் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து, கம்பிச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கச் சொன்னேன். துரு போயிற்று, கூடவே பேட்டன்ட் (காப்புரிமை) தேதியின் கடைசி எண்களும் போயின. அது எந்த ஆண்டு என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆகவே, கையில் கிடைத்ததும் தேய்க்காதீர்கள். கிரைண்டர், உப்புத்தாள் இரண்டையும் ஒதுக்கிவையுங்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் போதும். உலர்ந்தபின் எழுத்துகளின் மேல் சாக்பீஸைப் பூசி, மேலாக மட்டும் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை தங்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச் செய்தால், பகலில் தெரியாத கோடுகள்கூட நிழலோடு எழுந்து நிற்கும். அதுவும் போதாவிட்டால், நாணயத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கும் சிறுவயதுப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

எழுத்து தெரிந்ததும் அதுதான் செய்தவர் பெயர் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. வடசென்னையில் இது இன்னும் அதிகம் நடக்கிறது. காரணம், இங்கே கிடைக்கும் பழைய கருவிகள் பல பெரிய பட்டறைகளில் இருந்து வந்தவை. பெரம்பூர் ரயில்வே பட்டறை 1856இல் தொடங்கியது. 1908இல் உருவான மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, 1951இல் தென்னக ரயில்வேயில் இணைந்தது. ஒரு ஸ்பேனரில் ‘எம்.எஸ்.எம்.’ என்று இருந்தால் அது கருவியின் சொந்தக்காரரைச் சொல்கிறதே தவிர, செய்தவரைச் சொல்லவில்லை. அம்பு முனை போன்ற குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான முத்திரை. இரண்டு, மூன்று இலக்க எண் தனியாக இருந்தால், பெரும்பாலும் தொழிலாளியின் டோக்கன் எண்ணாகவோ கருவி அறையின் கணக்கு எண்ணாகவோ இருக்கும்.

எப்படிப் பிரித்தறிவது? எழுத்துகளை விரலால் வருடிப் பாருங்கள். இரும்பின் பரப்பிலிருந்து மேலெழுந்து நிற்கும் எழுத்து, ஸ்பேனரை அச்சில் அடித்து உருவாக்கும்போதே வந்தது. அது தொழிற்சாலையின் எழுத்து. உள்ளே குழிந்த எழுத்து தொழிற்சாலையிலும் குத்தப்பட்டிருக்கலாம், பிற்பாடும் குத்தப்பட்டிருக்கலாம். ஓர் எழுத்து ஆழமாகவும் அடுத்தது சாய்ந்தும் இருந்தால், யாரோ ஒருவர் எழுத்து உளியையும் சுத்தியலையும் கொண்டு ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார் என்று பொருள்.

தொழிற்சாலையின் எழுத்தும் சில வேளைகளில் விற்றவரின் பெயராக இருக்கும். ‘பாக்கோ’ இதற்குச் சரியான உதாரணம். ஸ்வீடனில் 1892இல் மேம்படுத்தப்பட்ட ஸ்பேனருக்குப் பேட்டன்ட் வாங்கியவர் யோகான் பெட்டர் யோகான்சன்; அவர் தொழிற்சாலை என்ஷோப்பிங் நகரில் இருந்தது. பாக்கோ என்பது அந்தச் சரக்கை விற்ற பி.ஏ. யோர்த் (B.A. Hjorth & Co.) கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். பேட்டன்ட் ஏடுகளில் பாக்கோ என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படாது. யோகான்சன் என்று தேட வேண்டும். அவர்தான் இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் என்று எழுதுவதும் தவறு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கிளைபர்ன் 1840களிலேயே திருகால் நகரும் ஸ்பேனரைச் செய்திருந்தார்.

‘அபிங்டன்’ என்று பார்த்து இங்கிலாந்தில் அதே பெயருள்ள ஊரில் செய்தது என்று எண்ணிவிடாதீர்கள். புல்டாக் நாய் முத்திரையோடு ‘கிங் டிக்’ கருவிகளைச் செய்த அந்த நிறுவனம் பர்மிங்காமில் இருந்தது. ‘கிரெசென்ட்’ என்பதும் இப்படித்தான். 1907இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. ஆனால் அமெரிக்கர்கள் இந்த வகை ஸ்பேனர் எல்லாவற்றையும் அப்பெயரால் அழைக்கிறார்கள். பேச்சில் கேட்டதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரும்பில் பொறித்திருந்தால் மட்டும் நம்புங்கள்.

பேட்டன்ட் எழுத்துகளில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அங்கே உள்ள தேதி உரிமை வழங்கிய நாள். ஸ்பேனர் பத்து ஆண்டு கழித்தும் அதே அச்சில் வந்திருக்கலாம். அமெரிக்காவில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணைப் பொறிக்கச் சொன்னது; அதற்கு முன் தேதியே வழக்கம். தேதி மட்டும் இருந்தால் 1927க்கு முந்தைய வடிவமைப்பு என்று ஊகிக்கலாம். எண் இருந்தால், பத்து லட்சமாவது பேட்டன்ட் 1911இலும் இருபது லட்சமாவது 1935இலும் வழங்கப்பட்டதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கிய தேதியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்கப் பேட்டன்ட்கள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்பட்டுவருகின்றன. 1915 செப்டம்பர் 23 என்று படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வியாழன். 28 என்றால் செவ்வாய். உங்கள் கண் எட்டை மூன்றாகப் படித்திருக்கிறது.

பிரிட்டிஷ் எண்ணுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே 1915 வரை ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. பிறகுதான் 1,00,001இலிருந்து தொடர்வரிசை வந்தது. ஆகவே ஆண்டு தெரியாமல் பழைய எண் பயன்படாது. ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண் பேட்டன்டே இல்லை; தோற்றத்துக்கான பதிவு. ஜெர்மன் கருவிகளில் ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்பதும் முழுப் பேட்டன்ட் அன்று, சிறு மேம்பாடுகளுக்கான பதிவு, ‘டி.ஆர்.பி.’ என்பதுதான் பேட்டன்ட்.

எண் கிடைத்துவிட்டது, இணையத்தில் ஆவணமும் கிடைத்துவிட்டது என்றால் வேலை முடியவில்லை. வரைபடத்தையும் ஸ்பேனரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரிமை ஸ்பேனர் முழுவதற்கும் இருக்காது. கட்டைவிரலால் உருட்டும் திருகு தானாகச் சுழலாமல் தடுக்கும் ஒரு சிறு ஸ்பிரிங்குக்கு மட்டும் இருக்கலாம். அந்த ஸ்பிரிங் உங்கள் ஸ்பேனரில் இருக்கிறதா என்பதே கேள்வி. எண் இல்லாவிட்டால் பெயரைத் தட்டித் தேடிக் களைத்துப்போகாதீர்கள். பழைய ஆவணங்களின் எழுத்துகளைக் கணினி தப்பும் தவறுமாகவே படித்திருக்கிறது. பி25பி 13 (B25B 13) என்ற ஸ்பேனர்களுக்கான பேட்டன்ட் வகைப்பாட்டில் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது மெதுவானது, ஆனால் பலன் தரும்.

நகரும் தாடையைக் கழற்றினால் அடியிலும் குறி இருக்கக்கூடும். அதைப் பார்க்கும் ஆசையில் திருகின் ஊசியைச் சுத்தியலால் அடித்துவிடாதீர்கள். ஊசியின் தலையில் வெட்டு இருந்தால் அது ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்பினால் வரும். வெட்டு இல்லாமல் பரப்போடு பரப்பாக இருந்தால், எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். அப்போதும் அசையாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.